ஆர்ட்ஸ் படித்து வந்தவளுக்குப் புள்ளிவிபரவியல்: எங்கேயிருந்து தொடங்குவது?

களுவாஞ்சிக்குடி_ரெண்டாம்வருசம்

அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் சமூகவியல் இரண்டாம் வருடம். ஓ.எல் முடிந்த கையோடு கணிதத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏ.எல்லுக்குத் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம் எடுத்து கம்பஸ் வந்த ஆள். இந்த செமஸ்டரில் அடிப்படைப் புள்ளிவிபரவியலும் ஒரு பாடம். இடை (சராசரி), இடையம் (நடுவில் நிற்கிற பெறுமதி), ஆகாரம் (கூடுதல் தடவை வருகிற பெறுமதி) வரைக்கும் சரி. நியம விலகலும் சூத்திரத்தில் போட்டால் விடை வருகிறது, ஆனால் அந்த விடை என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் வாய் திறக்க முடியாது. கருதுகோள் சோதனை தொடங்கிய பிறகு சுத்தமாக ஒன்றும் விளங்கவில்லை. "கணித்த பெறுமதி அட்டவணைப் பெறுமதியை விடப் பெரிது, ஆகவே சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படும்" என்ற வசனத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதோடு மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வும் செய்ய வேண்டும். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீடுகளில் பிள்ளைகளின் பாடசாலை வரவு எப்படி இருக்கிறது என்பது தலைப்பு. எத்தனை பேரைப் பார்க்க வேண்டும், எந்தச் சோதனை போட வேண்டும் ஒன்றும் தெரியாது. ஒரு நண்பி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் வகுப்புக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். இன்னொருத்தி ரியூசன் தேடித் திரிகிறாள். நான் எதைச் செய்ய?

டி_ஓ_வாழைச்சேனை

தங்கச்சி, எஸ்.பி.எஸ்.எஸ். வகுப்புக்கு இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். எந்த பொத்தானை அமுக்குவது என்று ஒரு சனிக்கிழமையில் காட்டித் தந்துவிடுவார்கள், ஆனால் உங்களுக்கு இருக்கிற பிரச்சினை பொத்தான் இல்லையே. நானும் ஆர்ட்ஸ்தான், இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தர், மாதம் முழுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அட்டவணை நிரப்பி அனுப்புகிற வேலை. அந்த வேலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு ஒரு இலக்கத்தைப் பார்த்து "இது யாரைப் பற்றிச் சொல்கிறது" என்று கேட்கப் பழகுங்கள்.

உதாரணத்துக்கு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த வீட்டு வருமானச் செலவின அளவீடு இருக்கிறது. இலங்கையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. அதே அறிக்கையில் இடையம் 53,333 ரூபா. ஒரே நாடு, ஒரே வருடம், 23 ஆயிரம் ரூபா வித்தியாசம். ஏன்? மேலே இருக்கிற கொஞ்சப் பேரின் பெரிய வருமானம் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விட்டது, இடையம் நடுவில் நிற்கிற குடும்பத்தைத்தான் காட்டும். பாதிக் குடும்பங்கள் 53,333க்குக் கீழே. ஒரு அரசியல்வாதி மேடையில் 76 ஆயிரத்தைச் சொல்வார், அதுவும் பொய் இல்லை! இதை விளங்கிக்கொண்டால் இடை, இடையம் பற்றி உங்களுக்கு வேறு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நியம விலகலும் அப்படித்தான், இலக்கங்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அது சொல்கிறது. ஐந்து பிள்ளைகள் 20 நாளில் பள்ளிக்கூடம் வந்த நாட்கள் 13, 14, 15, 16, 17. இன்னொரு வகுப்பில் 5, 10, 20, 20, 20. இரண்டுக்கும் இடை 15. நியம விலகல் முதலாவதுக்கு 1.58, இரண்டாவதுக்கு 7.07. அதாவது முதல் வகுப்பில் 15 என்ற இலக்கத்தை நம்பி எந்தப் பிள்ளையைப் பற்றியும் ஏதாவது சொல்லலாம், மற்ற வகுப்பில் 15 நாள் வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதிபரிடம் சராசரி மட்டும் கொடுத்தால் அந்த 5 நாள் வந்த பிள்ளை கண்ணில் படாது.

ஆரையம்பதி_கணக்குவாத்தியார்

மேலே தம்பி சொன்னது சரி, ஆனால் சூத்திரத்தை மூடி வைக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தடவையாவது கையால் போட வேண்டும் பிள்ளை. பரீட்சைக்கு என்று சொல்லவில்லை, கையால் போட்டால்தான் எந்த இலக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியும். உன் தலைப்பையே எடுப்போம். இலக்கங்கள் நான் சும்மா போட்டவை, உண்மை என்று எங்கேயும் எழுதிவிடாதே.

80 பிள்ளைகள். தாய் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் 40, வீட்டில் இருக்கிறவர்கள் 40. முதல் 40இல் வரவு ஒழுங்கில்லாதவர்கள் 18. மற்ற 40இல் 10. பார்த்தவுடன் 45 வீதம், 25 வீதம், பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இப்போது சூனியக் கருதுகோள் என்ன சொல்கிறது? தாய் எங்கே இருந்தாலும் வரவுக்குச் சம்பந்தமில்லை என்கிறது. அது உண்மை என்றே வைத்துக்கொள். மொத்தமாக 80இல் 28 பேர் ஒழுங்கில்லை, 35 வீதம். அப்படியென்றால் இரண்டு பக்கமும் 40க்கு 14 பேர் வந்திருக்க வேண்டும். நமக்கு வந்தது 18உம் 10உம். ஒழுங்காக வருகிறவர்கள் 26, 26 ஆக இருந்திருக்க வேண்டும், வந்தது 22உம் 30உம். ஆக அட்டவணையின் நான்கு பெட்டியிலும் 4 பேர் வித்தியாசம். அந்த 4ஐ வர்க்கித்து எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்து நான்கு பெட்டியையும் கூட்டு: 16/14, 16/14, 16/26, 16/26. விடை 3.52. இதுதான் கைவர்க்கம். நீ பாடமாக்கிய வசனத்தில் வருகிற "கணித்த பெறுமதி" இதுதான், வேறொன்றும் இல்லை.

அட்டவணையில் 5 வீத மட்டத்துக்கு, டிகிரீஸ் ஒஃப் ஃப்ரீடம் 1க்கு, 3.84 என்று இருக்கும். 1 ஏன் என்றால், ஓர, அடி மொத்தங்கள் தெரிந்த பிறகு ஒரு பெட்டியை நிரப்பினால் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடும். 3.52 அதை விடச் சிறிது, ஆகவே சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் "வித்தியாசம் இல்லை என்று நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். அப்படி எழுதாதே. இதே வீதத்தை வைத்துக்கொண்டு 80க்குப் பதிலாக 160 பிள்ளைகளை எடுத்துப் போட்டுப் பார், 36உம் 20உம், கைவர்க்கம் 7.03 வரும், நிராகரிக்கலாம். வீதம் மாறவே இல்லை, ஆட்கள்தான் கூடினார்கள். ஆகவே முதல் விடையின் அர்த்தம் "என்னிடம் இருக்கிற 80 பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பது மட்டும்.

பி பெறுமதி விளங்கவில்லை என்றால், 80 துண்டுக் கடதாசி வெட்டு. 28இல் புள்ளடி போடு. நன்றாகக் குலுக்கிப் பார்க்காமல் 40, 40 ஆகப் பிரித்து ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளடி என்று எண்ணு. 14க்குப் பக்கத்தில்தான் விழும், 13, 15, 12 இப்படி. சிலவேளை 18உம் விழும். தாய்க்கும் வரவுக்கும் சம்பந்தமே இல்லாத இந்தக் கடதாசி விளையாட்டில் 18 போல, அல்லது அதைவிடக் கோணலாக (மற்றப் பக்கம் 10உம் அதற்குக் கீழும் சேர்த்து), நூற்றுக்கு எத்தனை தடவை விழுகிறது என்பதுதான் பி. மூன்று பேர் இருக்கிறீர்கள்தானே, ஆளுக்குக் கொஞ்சமாகக் குலுக்குங்கள்.

சம்மாந்துறை_நானா

வாத்தியார் விளங்கப்படுத்தினது நல்லாயிருக்கு. ஒரு சின்ன விசயம் சொல்லாமல் விட்டால் தங்கச்சி பிறகு குழம்புவா. இதே கணக்கை ஆர் (R) என்ற மென்பொருளில் போட்டால் 3.52 வராது, 2.69 என்று வரும், பி 0.10. பயப்பட வேண்டாம், இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் கைவர்க்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணிக்கிற யேட்ஸ் திருத்தத்தை அந்த மென்பொருள் தானாகப் போட்டுவிடும். திருத்தம் இல்லாமல் பி 0.06. இரண்டும் 5 வீதத்தை (0.05) விடக் கூட, ஆகவே முடிவு மாறாது. கடதாசி குலுக்கினாலும் 0.10க்குக் கிட்டத்தான் வரும். எதைப் பாவித்தீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும்.

மென்பொருள் என்றால் ஜமோவி அல்லது ஜாஸ்ப் இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம், எஸ்.பி.எஸ்.எஸ். போலத்தான் அட்டவணையைத் திறந்து சுட்டியால் தட்டுவது. களவாக உடைத்த எஸ்.பி.எஸ்.எஸ். பென் டிரைவில் சுற்றுகிறதே, அதோடு வைரஸும் சேர்ந்து வரும்.

அடுத்தது மாதிரி, அதாவது எத்தனை பேரைத் தெரிவுசெய்து பார்ப்பது என்ற விசயம். எல்லா ஆய்வறிக்கையிலும் 384 என்று ஒரு இலக்கம் போடுவார்கள், ஏன் என்று கேட்டால் "அட்டவணையில் இருக்கு" என்பார்கள். அது ஒன்றும் மந்திரமில்லை. 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. 95 வீத நம்பிக்கை, கூடக் குறைய 5 வீதம் பிழை, விடை எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியாததால் பாதிக்குப் பாதி (0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25). 2012 தொகைமதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர், அம்பாறையில் ஆறரை இலட்சத்துக்குக் கிட்ட. இரண்டுக்கும் அதே 384தான், முழு இலங்கைக்கும் அதேதான். குடித்தொகை பெரிதானால் மாதிரியும் பெரிதாக வேண்டும் என்று நினைக்கிறது சரியில்லை.

ஆனால் அது எழுமாறாக, சீட்டுக் குலுக்குவது போல எல்லாருக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து எடுத்தால் மட்டும்! வாட்ஸப்பில் கூகிள் ஃபோர்ம் அனுப்பி 384 பேர் நிரப்பினால் அது எழுமாற்று மாதிரி இல்லை, உங்கட தொலைபேசியில் இருக்கிற ஆட்கள். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று எழுதியது. வென்றது ரூஸ்வெல்ட், அதுவும் பெருவாரியாக. தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலில் இருந்து பெயர் எடுத்தால், பதில் போட விருப்பமுள்ளவர்கள் மட்டும் பதில் போட்டால், வேறென்ன நடக்கும்.

மூன்று பேர் ஒரு செமஸ்டரில் 384 வீடு ஏறி இறங்க முடியாது, அதைக் கேட்கவும் மாட்டார்கள். குறைய எடுங்கள், எடுத்த முறையை ஒளிக்காமல் எழுதுங்கள்.

டி_ஓ_வாழைச்சேனை

நானா சொன்னதோடு இன்னொன்று. படுவான்கரையை (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கக் கரையை) மறந்துவிடாதீர்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீதியோரம் இருக்கிற பாடசாலையை மட்டும் எடுத்தால் வேலை சுலபம், ஆனால் வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை வராததற்குக் காரணம் பஸ் இல்லாதது, யானை, தூரம். வெளிநாடு போன தாய்மார் அந்தப் பக்கம் கூட என்றால், நீங்கள் காண்கிற வித்தியாசம் தாய் இல்லாததாலா, ஊராலா? ஒரு கரையில் மட்டும் எடுங்கள், அல்லது இரண்டு கரையையும் தனித்தனியாக அட்டவணை போட்டுப் பாருங்கள். அம்மம்மா வீட்டில் இருக்கிறாவா என்றும் ஒரு கேள்வி வையுங்கள், பாதி வீட்டில் பிள்ளையை எழுப்பி அனுப்புகிறது அவதான்.

வரவை வீட்டில் கேட்காதீர்கள், எல்லாரும் "ஒழுங்காகப் போகிறான்" என்றுதான் சொல்வார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுத்து வரவு இடாப்பைப் பாருங்கள். பெயரை எழுதாதீர்கள், இலக்கம் கொடுங்கள். தாய் வெளிநாட்டில் என்பது ஊரில் கதைப்பதற்கு வாய்ப்பான விசயம், உங்கள் கையால் அது பரவக்கூடாது.

களுவாஞ்சிக்குடி_ரெண்டாம்வருசம்

எல்லாருக்கும் நன்றி, கடதாசி வெட்டுகிறோம். இடாப்பில் பார்த்தால் நாட்கள் இலக்கமாகவே கிடைக்குமே, அப்போதும் கைவர்க்கமா? இன்னொன்று, என் கல்குலேட்டர் நியம விலகலுக்கு இரண்டு விடை தருகிறது, எதை எழுதுவது?

ஆரையம்பதி_கணக்குவாத்தியார்

நல்ல கேள்வி. கைவர்க்கம் பெட்டியில் எண்ணி வைக்கிற தரவுக்கு. நாட்களாகக் கிடைத்தால் அதை "ஒழுங்கு, ஒழுங்கில்லை" என்று இரண்டாக வெட்டாதே, 5 நாள் வந்தவனும் 15 நாள் வந்தவனும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள், வீண். இரண்டு கூட்டத்தின் இடையை ஒப்பிடுகிற ரி சோதனை போடு. அதைக் கண்டுபிடித்த கோசெட் டப்ளினில் பியர் கம்பனியில் வேலை பார்த்தவர், சின்ன மாதிரியோடு மல்லுக்கட்டி 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அதற்கு முதல் இரண்டு கூட்டத்துக்கும் வரைபடம் கீறிப் பார். ஓரிருவர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றால் இடையை நம்பாதே, மான் விட்னி என்று ஒரு சோதனை இருக்கிறது, ஜமோவியில் ரி சோதனைக்குக் கீழேயே ஒரு சரி போட்டால் வரும்.

கல்குலேட்டரில் ஒன்று n ஆல், அதாவது ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தது, மற்றது n கழித்தல் 1ஆல் வகுத்தது. தம்பி மேலே போட்ட 1.58 இரண்டாவது வகை, முதல் வகையில் 1.41 வரும். வினாவில் மாதிரி என்று இருந்தால் கழித்தல் 1. முழு வகுப்பும் கையில் இருக்கிறது, வேறு யாரைப் பற்றியும் சொல்லப் போவதில்லை என்றால் n. உன் ஆய்வுக்குக் கழித்தல் 1.