கடலோர வீட்டுக்கு மணற்கல் ஒட்டலாமா? எந்தச் சோதனையைக் கேட்பது?

கேட்டவர்: கட்டுமனை

வணக்கம். திருவான்மியூரில் கடலிலிருந்து 400 மீட்டர் தள்ளி வீடு. முன்சுவருக்கு 20 மி.மீ. தோல்பூர் மணற்கல், 1,100 சதுர அடி. கடைக்காரர் கொடுத்த அறிக்கையில் அமுக்க வலிமையும் நீர் உறிஞ்சும் அளவும் மட்டும் இருக்கின்றன. அவற்றை வைத்து உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்று சொல்லிவிடலாமா? இல்லையென்றால் எந்தச் சோதனை, எத்தனை நாள் ஆகும்?

பதில் 1: ஆய்வுக்கூடம்

சொல்ல முடியாது சார். அமுக்க வலிமை என்பது சுமை தாங்குமா என்ற கேள்விக்குப் பதில். சுவரில் ஒட்டும் கல்லுக்குச் சுமையே இல்லை. சென்னையில் மணற்கல்லைத் தின்பது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பும் தரை ஓதத்தோடு ஏறும் உப்பும் நுண்துளைக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி, மணலைப் பிணைத்திருக்கும் பசையை நெட்டித் தள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி இறுகும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஐ.எஸ். 1126 என்ற இந்தியத் தர முறைச் சோதனை. 50 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. உயரமும் உள்ள உருளைகளை 14 சதவீத சோடியம் சல்பேட் கரைசலில் 16 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து, காற்றாட விட்டு, 105 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் காயவைப்பார்கள். ஆறியதும் மறுபடி ஊறல். இப்படி 30 சுற்று. ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய இரண்டு நாள், ஆக மொத்தம் இரண்டு மாதம். ஒரே வாரத்தில் ‘டியூரபிலிட்டி பாஸ்’ என்று தாள் வந்தால் அது இந்தச் சோதனையே அல்ல. அவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் ஐரோப்பிய முறையான இ.என். 12370 போதும்: 40 மி.மீ. கனசதுரம், 2 மணி நேர ஊறல், 15 சுற்று. மூன்று வாரத்தில் கைக்கு வரும். இரண்டுக்குமே 20 மி.மீ. பலகையில் மாதிரி வெட்ட வராது. அதே குவாரி, அதே லாட்டின் தடித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

முடிவு பிசகுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்.

14 சதவீதம் என்பது படிகநீரோடு (படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர்) கூடிய உப்புக்கு, அதாவது லிட்டர் கரைசலுக்குச் சுமார் 148 கிராம். படிகநீர் இல்லாத வெள்ளைப் பொடி என்றால் 65 கிராம்தான். இதைக் கவனிக்காமல் பொடியையே 148 கிராம் போட்டால் கரைசல் இரண்டு மடங்குக்கும் மேல் செறிவாகி நல்ல கல்லும் தோற்கும். ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.055 காட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது வெப்பம். ஓவனில் காய்ந்த உப்பு, ஊறும்போது நீரை வாங்கி மூன்று மடங்குக்கும் மேல் பருத்த படிகமாக மாறுவதில்தான் அடி விழுகிறது. 32.4 டிகிரிக்கு மேல் அந்தப் படிகம் உருவாகாது. மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் ஊறவைத்தால் சொத்தைக் கல்லும் தேறிவிடும். ஊறல் தொட்டியின் வெப்பநிலையை ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடைசி எடை. துளைக்குள் தங்கிய உப்பை நீரில் ஊறவைத்து வெளியேற்றாமல் எடை போட்டால், மணல் உதிர்ந்த கல்கூட எடை கூடினதாகக் காட்டும்.

எடை இழப்புச் சதவீதத்தோடு, ஐந்து சுற்றுக்கு ஒரு படமும் கேளுங்கள். முனை மழுங்குவது வேறு, ஏடு ஏடாகப் பிரிவது வேறு. பிரிகிற கல் சுவருக்கு வேண்டவே வேண்டாம், எடை இழப்பு குறைவாக இருந்தாலும் சரி.

பதில் 2: கல்தச்சு

ஏடு பிரிவது பற்றி ஒன்று. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்த கல். கட்டுமானத்தில் அது நிலத்தில் கிடந்த வாக்கிலேயே, அடுக்கு படுக்கையாக இருக்கும்படி வைப்பார்கள். நீங்கள் வாங்குவது அடுக்கு வாக்கில் பிளந்த பலகை என்றால், சுவரில் ஒட்டும்போது அடுக்கு முழுக்க நின்றவாக்கில் வரும். உப்பு தோலுரிக்க அதுவே தோது. வரி வரியாக அடுக்கு தெரியும் பலகையை ஒதுக்கி, ஒரே சீரான மணலாகத் தெரிவதைப் பொறுக்குங்கள்.

காஞ்சி கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். உங்கள் சுவரிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி கருங்கல்லாக வைத்தால் ஓத உப்பு மணற்கல்லுக்கு ஏறுவது பெருமளவு குறையும். கல்லைச் சுவரில் மாட்டும் கிளிப் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துருப்பிடித்துப் பருத்தால் கல் ஓரம் தெறிக்கும்.

கட்டுமனை

மிக்க நன்றி. ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் கையாலே கழித்துக்கட்ட வழி உண்டா?

பதில் 1: ஆய்வுக்கூடம்

உண்டு. வெவ்வேறு நிறப் பட்டைகளிலிருந்து ஆறு துண்டு எடுங்கள். சில்லுகளைக் கண்ணாடி டம்ளர் நீரில் ஒரு நாள் போட்டுக் கலக்குங்கள். நீர் கலங்கினால் களிமண் பிணைப்பு, அந்த லாட்டை விடுங்கள். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புப் பிணைப்பு, அமிலம் பட்டால் கரையும். காய்ந்த துண்டையும் ஒரு நாள் ஊறிய துண்டையும் ஆணியால் கீறிப் பாருங்கள். ஊறியது மட்டும் மாவாக உதிர்ந்தால், அமுக்க வலிமையை ஈரத்தில் சோதித்த எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். அது காய்ந்த எண்ணில் பாதிக்கும் கீழே என்றால் நான் வாங்க மாட்டேன்.

பதில் 2: கல்தச்சு

ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவ வருவார்கள், விடாதீர்கள். பிணைப்பு கரைவதோடு, கல்லுக்குள் குளோரைடும் இறங்கும், இரும்புச்சத்து பழுப்பாகக் கசியும். பளபளப்பு அக்ரிலிக் சீலரும் வேண்டாம். பூச்சுக்குப் பின்னால் உப்பு சிக்கி, தோலோடு கழன்று வரும். பூசியே ஆக வேண்டுமென்றால் மூச்சு விடும் சிலேன்-சிலாக்சேன் வகை, அதுவும் கல் முழுதாகக் காய்ந்த பிறகு.