புதுப்பிப்பு: பூக்காத என் பாட்டில் பிரஷ் மரம்

போன ஆண்டு இதே இடத்தில் புலம்பியிருந்தேன்: வாசலில் வைத்த, கிளை தொங்கும் வகை பாட்டில் பிரஷ் மரம் (பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி சிவப்புப் பூ விடுவது) மூன்று வருடமாகியும் பூக்கவில்லை, இலை வேறு மஞ்சளாகிறது என்று. நிலவரம் சொல்கிறேன்.

கொழுந்து மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறைவு என்று இங்கே ஒருவர் சொன்னது சரிதான். எங்கள் தாராபுரம் பக்கம் சுண்ணாம்பு கலந்த மண், போர் தண்ணீரோ பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடும் உப்புத் தண்ணீர்; அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காதாம். முதலில் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) வேரில் கொட்டிப் பார்த்தேன், வீண். அப்புறம் அதையே லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, சாயங்காலமாக இலையில் தெளித்தேன். மூன்று தடவைக்குப் பிறகு வந்த துளிர் பச்சை.

பூக்காததற்குக் காரணம் நானேதான். தலையில் இடிக்கிறதே என்று கண்ட நேரத்தில் நுனியை வெட்டிக்கொண்டிருந்தேன், இதுவோ நுனியில்தான் பூக்கும். இந்த முறை பூக்கும் வரை கத்தரியைத் தொடவில்லை. மாசியில் ஏழெட்டுச் சிவப்பு பிரஷ் தொங்கின, காலையில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக் குடித்தது. ஒவ்வொரு பூவின் முனையிலிருந்தும் புதுத் தளிர் நீள்வதையும், பின்னால் மிளகு மாதிரி காய்கள் தண்டோடு ஒட்டியிருப்பதையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

பூ வாடியதும், அது இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் கிளையை வெட்டிவிட்டேன். தலை இன்னும் இடிக்கிறது, நடைபாதையை நகர்த்தப் போகிறேன்.