கடலைக்காயா, கொடியா? எப்போது பிடுங்குவது?

காங்கேயத்துக்காரன்:
ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக டி.எம்.வி. 7 ரகக் கடலை போட்டோம். 90 நாள் தாண்டிவிட்டது. அடியிலை புள்ளி விழுந்து கொட்டுகிறது. கறவை மாடும் வெள்ளாடும் இருக்கின்றன. கொடி பச்சையாக இருக்கும்போதே பிடுங்கலாமா, காய் முற்றட்டும் என்று விடலாமா? விதைக்கும் கொஞ்சம் வேண்டும்.

பல்லடம் பண்ணையம்:
இப்பவே பிடுங்குங்க தம்பி. கொடியின் சத்தே இலையில்தான். இலையோடு காய்ந்த கொடியில் புரதம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சோளத்தட்டில் 4, 5 தான். பங்குனி, சித்திரையில் கொறங்காடு (மேய்ச்சல் காடு) காய்ந்து கிடக்கும்போது இந்தக் கொடிப் போர்தான் மாட்டைக் காப்பாற்றும்.

சேவூர் கடலைக்காடு:
அண்ணா, இதை ஒத்துக்கவே முடியாதுங்க. பிஞ்சில் பிடுங்கினால் காயும்போது பருப்பு சுருங்கும், எண்ணெயும் குறையும். ஏலத்தில் வியாபாரி ஒரு கை அள்ளி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார். சுருங்கின பருப்பு விதைக்கும் ஆகாது.
தம்பி, காட்டில் அங்கங்கே பத்துச் செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்க. தோட்டின் உட்பக்கம் வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. பழுப்பேறிக் கறுத்திருந்தால் முற்றின காய். நாலில் மூன்று காயாவது கறுக்கணும்.

பல்லடம் பண்ணையம்:
ஐப்பசி மழை அதுவரைக்கும் பொறுக்குமா? டி.எம்.வி. 7 கொத்து ரகக் கடலை, விதைக்கு உறக்கம் (முளைக்காமல் கொஞ்ச நாள் தங்கும் குணம்) அவ்வளவாகக் கிடையாது. முற்றின காய்மேல் ஈரம் நின்றால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். காயும் போச்சு, கொடியும் போச்சு.

மூலனூரான்:
புள்ளிக்கு மருந்து அடித்து இலையைப் பிடித்து வைக்கலாமே?

பல்லடம் பண்ணையம்:
பிடுங்கப் போகிற நேரத்தில் மருந்து அடித்த கொடியைக் கறவை மாட்டுக்குப் போடுவீங்களா? அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். அடிப்பதென்றால் புள்ளி தெரிந்ததுமே அடித்திருக்கணும்.
இன்னொன்று, பிடுங்கின கொடியை ஈரத்தோடு குவிக்காதீங்க. பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். காயிலும் அதே கேடுதான்: பூஞ்சண நஞ்சு அஃப்ளாடாக்சின், புண்ணாக்கு வழியாகப் பால் வரைக்கும் வந்துவிடும். மெல்லிசாகப் பரப்பி, திருப்பிப் போட்டு உலர்த்துங்க. காய்ந்த கொடியை விடியற்காலைப் பனியிலேயே கட்டிவிடணும். உச்சி வெயிலில் தொட்டால் இலையெல்லாம் உதிர்ந்து களத்தோடு போய்விடும். ஆனால் ஈரம் காய்ந்த பிறகுதான் போர் போடணும்.

சேவூர் கடலைக்காடு:
உலர்த்துகிற விஷயத்தில் அண்ணா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் காசு வருவது காயில்தானுங்க. கொடிக்காகக் காயை விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

காங்கேயத்துக்காரன்:
உடைத்துப் பார்த்தோம். மேட்டுக்காட்டில் பாதிதான் கறுத்திருக்கிறது, இலையும் நிற்கிறது. அது இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும். பள்ளத்தில் புள்ளி அதிகம், ஈரமும் நிற்கிறது. அதை நாளைக்கே பிடுங்குகிறோம்.

சேவூர் கடலைக்காடு:
சரி. பள்ளத்துக் காயைத் தனிக்களத்தில் காயப்போடுங்க. விதைக்காயோடு ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது.