டொலுயின் துளிக்குள் சேரும் துகள்கொத்துகள்: ஒரே வடிவமாக எடுக்க முடியுமா?

கீழக்கரைக்காரன்:
முதுநிலை புராஜெக்ட். பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகளை டொலுயினில் (தண்ணீரோடு கலக்காத கரைப்பான்) கலந்து, சர்ஃபேக்டன்ட் (சோப்பு மாதிரிப் பொருள்) போட்ட தண்ணீரில் அடித்து, சின்னச் சின்ன டொலுயின் துளிகளாகப் பால் மாதிரி ஆக்கி, டொலுயினை ஆவியாக விடுகிறேன். கலவையில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைகள் ஒட்டிய கொத்துகளாக இரட்டை, முக்கோணம், நான்முகி, அப்புறம் பெயர் சொல்ல முடியாத பெரிய கட்டிகள் எல்லாம் கிடக்கின்றன. எனக்கு எண்முகி (எட்டு முகமுள்ள வடிவம்) மட்டும் வேண்டும். இங்கே கடல் காற்றில் எப்போதும் ஈரம், அதனால்தான் வடிவம் கெடுகிறதா?

தொண்டி வேதியியல்:
ஈரத்தை விடு தம்பி. வெளியேறுவது டொலுயின், காற்றிலுள்ள நீராவிக்கு அதில் பெரிய வேலை இல்லை. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி வைத்துச் செய்தால்தான் நம்ம ஊர்ப் புழுக்கம் கணக்கில் வரும். வடிவத்தை முடிவு செய்வது துளிக்குள் எத்தனை துகள் மாட்டியது என்பதுதான். மனோகரன், எல்செசர், பைன் மூவரும் 2003இல் சயன்ஸ் இதழில் எழுதியதைக் கட்டாயம் படி. துகள்கள் துளியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும், துளி சுருங்கச் சுருங்க நெருங்கி ஒன்றையொன்று தொடும், அதற்கு மேலும் டொலுயின் குறையும்போது பரப்பு இழுவிசை அவற்றை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். 4 துகள் என்றால் நான்முகி, 6 என்றால் எண்முகி, 7 என்றால் ஐங்கோண இரட்டைப் பிரமிடு. கடைசியில் வான் டெர் வால்ஸ் விசை (மிக நெருங்கிய பொருள்களுக்கிடையே வரும் ஈர்ப்பு) பிடித்துக்கொள்வதால் கொத்து பிரியாது.

கீழக்கரைக்காரன்:
அப்படியென்றால் எல்லாத் துளியையும் ஒரே அளவில் செய்தால் போதுமா அண்ணே?

மண்டபம் லேப்:
போதாது. துளிகள் ஒரே அளவில் இருந்தாலும் ஒன்றில் 5 விழும், பக்கத்தில் 7 விழும், அது பாய்சான் பரவல், அதாவது தற்செயலாக விழும் எண்ணிக்கை சராசரியைச் சுற்றிக் கூடிக் குறைவது. அளவைச் சீராக்கினால் பெரிய கட்டிகள் குறையும், அவ்வளவுதான். மீதியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். குழாயில் மேலிருந்து கீழாக அடர்த்தி கூடும்படி சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மேலே உன் கலவையை மெதுவாக விட்டு சென்ட்ரிஃபியூஜ் செய் (கருவியில் வேகமாகச் சுழற்று). பெரிய கொத்து வேகமாக இறங்கும், அதனால் வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள் தனித்தனியே நிற்கும். ஒற்றைத் துகள்தான் மேல் பட்டை, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்து ஆறாவதை ஊசியால் உறிஞ்சி எடு. முதலில் உன் பாலிஸ்டைரின் குறுக்குப்பிணைப்பு (சங்கிலி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு) உள்ளதா என்று பார், இல்லாவிட்டால் டொலுயினில் கரைந்தே போகும்.

தொண்டி வேதியியல்:
ஆமாம், அது முக்கியம். பின்னால் 6 துகளிலேயே வேறு வடிவம் வேண்டுமென்றால், பெரியதும் சிறியதுமாக இரண்டு அளவுத் துகள் கலந்து பார், அடுக்கே மாறும்.