மொரிஸ் மைனருக்கு ஆம்ப் போடலாமா, டைனமோ தாங்குமா?

தலவாக்கலை மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டின மொரிஸ் மைனர் 1000 ஒன்னு வீட்டுல இருக்கு, 1960 மொடல், 948 சிசி, ஸ்ரீ நம்பர். இஞ்சின் நல்லா இருக்கு, ஹட்டன் நுவரெலியா பக்கமெல்லாம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பாட்டு மட்டும்தான் இல்ல. பழைய ரேடியோ எப்பவோ செத்துப்போச்சு, அப்படியே கழட்டி பத்திரமா வச்சிருக்கேன்.

இப்ப புளூடூத் செட் ஒன்னும் நாலு செனல் ஆம்ப் (சவுண்டைக் கூட்டுற ஆம்ப்ளிஃபயர்) ஒன்னும் கைவசம் இருக்கு. செட்டோட சொந்த சவுண்ட் இந்த வண்டிக்குப் பத்தாது, மேட்டுல செகண்ட் கியர்ல ஏறும்போது இஞ்சின் சத்தமும் கியர்பொக்ஸ் சத்தமும் சேர்ந்து பாட்டை முழுங்கிடும், அதனாலதான் ஆம்ப் போடலாம்னு பார்க்கிறேன். ஆனா இது பொசிட்டிவ் எர்த் வண்டி, பெட்டரியோட ப்ளஸ்தான் வண்டியோட இரும்பு பொடியில இருக்கு, பெட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவும் பழைய லூகாஸ்தான். கராஜ்ல கேட்டா பாஸ் "வயரை மாத்திக் குடுத்தா சரி தம்பி"ங்கிறாரு, எனக்கு மனசு ஒத்துக்கல. டைனமோ தாங்குமா, எர்த்தை என்ன செய்யணும், டேஷ்போர்டையும் கதவையும் வெட்டாம ஸ்பீக்கர் எங்க வைக்கலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. அப்பா வண்டி, ஒரு ஓட்டைகூட புதுசா போட எனக்கு விருப்பமில்ல.

பண்டாரவளை வயரிங்:

தம்பி நல்ல நேரத்துல கேட்டீங்க. அந்த ஆம்பை இப்பவே கனெக்ட் பண்ணிடாதீங்க. இப்ப வர்ற செட், ஆம்ப் எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்குன்னு செஞ்சது, செட்டோட வெளிக்கூடு, ஏரியல் வயரோட வெளிச்சுத்து, செட்ல இருந்து ஆம்புக்கு சவுண்ட் கொண்டு போற ஆர்சிஏ வயரோட வெளிச்சுத்து எல்லாம் மைனஸோட சேர்ந்துதான் இருக்கும். உங்க வண்டியில பொடியே ப்ளஸ். வயரை மட்டும் மாத்திக் குடுத்துட்டு செட்டை இரும்புல முடுக்கினீங்கன்னா, ஏரியலை சொருகினீங்கன்னா, அங்கேயே ஷோர்ட். ஃபியூஸ் போனா பரவாயில்ல, ஃபியூஸ் இல்லாம இழுத்திருந்தா வயரிங்கே எரியும்.

அதனால முதல் வேலை வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாத்துறது. பயப்படுற வேலையில்ல, மைனருக்கு ரொம்ப லேசு. பெட்டரியைக் கழட்டி திருப்பி வைங்க, ப்ளஸ் முனை மைனஸ் முனையை விட தடிப்பா இருக்கும், அதனால பழைய கிளேம்ப் சரியா உக்காராது, புதுசா ரெண்டு வாங்கிடுங்க. அடுத்தது இக்னிஷன் கொயில், அதுல எஸ்டபிள்யூ, சிபின்னு போட்டிருக்கிற ரெண்டு வயரையும் இடம் மாத்தணும், இல்லாட்டி வண்டி ஓடும் ஆனா ஸ்பார்க் பலவீனமா இருக்கும், குளிர்ல காலையில ஸ்டார்ட் பண்ணும்போது தெரியும். அப்புறம் டைனமோ. இஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தியே டைனமோல இருக்கிற ரெண்டு வயரையும் கழட்டிட்டு, பெட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவோட சின்ன டெர்மினல்ல, அதாவது எஃப்ல, லேசா தொட்டுத் தொட்டு எடுங்க, சின்னதா பொறி வரும், அவ்வளவுதான், உள்ள இருக்கிற காந்தம் புதுப் பக்கத்துக்குத் திரும்பிடும். இதை விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினா டைனமோ தலைகீழா சார்ஜ் பண்ணப் பார்க்கும், டைனமோவை பெட்டரியோட சேர்த்துப் பிரிக்கிற கட்அவுட் பொயின்ட் கருகிப்போகும்.

ஸ்டார்ட்டர் மோட்டர், பல்ப், ஹோர்ன், பழைய வைப்பர் மோட்டர், இதுகளுக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒன்னுதான். பெட்ரோல் பம்ப் பழைய பொயின்ட் டைப் எஸ்யூன்னா பிரச்சினை இல்ல. பிறகு யாராவது டயோட் வச்ச பம்ப்போ எலக்ட்ரோனிக் இக்னிஷனோ மாட்டியிருந்தா மட்டும் அதைக் கட்டாயம் பார்க்கணும், பொசிட்டிவ் எர்த்துக்குன்னு வாங்கினது மாத்தின உடனே எரிஞ்சிடும். எல்லாம் முடிஞ்சதும் பொனட்டுக்குள்ள நெகட்டிவ் எர்த்துன்னு பெருசா எழுதி ஒட்டிடுங்க, நாளைக்கு ஜம்ப் குடுக்க வர்றவனுக்கு அது தெரியணும்.

ஹட்டன் சவுண்ட்:

மச்சான் போடுறதுன்னா ஒழுங்கா போடு, 12 இஞ்சி சப் (பேஸ் ஸ்பீக்கர்) ஒன்னும் 500 வொட் மோனோ ஆம்பும் டிக்கியில வச்சா மல்லிகைப்பூ சந்தியில திருப்பினாலே ஊருக்குக் கேக்கும். டைனமோ பத்தாட்டி பெரிய பெட்டரி போட்டுக்கலாம்.

பண்டாரவளை வயரிங்:

தம்பி ஆசை எனக்குப் புரியுது, ஆனா கணக்கைப் பாருங்க. லூகாஸ் டைனமோ சி39ன்னா கூடினது 19 ஆம்ப் (ஆம்பியர்) கரண்ட், சி40ன்னா 22 ஆம்ப், அவ்வளவுதான் அதால குடுக்க ஏலும், எதுன்னு டைனமோ உடம்புலயே அடிச்சிருக்கும். நம்ம பக்கம் சாயங்காலம் மூனு நாலு மணிக்கே மிஸ்ட் இறங்கிடும், மழையும் சேர்ந்துச்சுன்னா ஹெட்லைட் ரெண்டும் பின்லைட்டும் சேர்ந்து பத்துப் பன்னிரெண்டு ஆம்ப், வைப்பருக்கு ரெண்டு மூனு, இக்னிஷனுக்கு மூனு. மிச்சம் என்ன இருக்கு? அதுலதான் பெட்டரியும் சார்ஜ் ஆகணும். 500 வொட் ஆம்ப் முழுசா அடிச்சா அதுக்கு மட்டும் நாப்பது ஆம்புக்கு மேல வேணும், டைனமோ குடுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. பெரிய பெட்டரி போட்டா பிரச்சினை கொஞ்சம் பிந்தி வரும், வராம இருக்காது, ஏன்னா எடுத்ததைத் திருப்பி நிரப்ப அதே டைனமோதான் இருக்கு.

இன்னொன்னு, ஐட்ல்ல, அதாவது வண்டி நின்னுக்கிட்டு இஞ்சின் மெதுவா ஓடும்போது, டைனமோ கிட்டத்தட்ட ஒன்னுமே தராது, சார்ஜ் இல்லன்னு காட்டுற சிவப்பு லைட் மினுங்கிக்கிட்டே இருக்கும். மேடு ஏறும்போதும் கியர்ல இறங்கும்போதும் ஆர்பிஎம் இருக்கிறதால சார்ஜ் வரும். ஆனா டவுன்ல பஸ்ஸுக்குப் பின்னால நிக்கும்போது முழுக்க பெட்டரியில இருந்துதான் போகும். அந்த நேரத்துல லைட்டும் போட்டு பாட்டும் போட்டா ரெண்டு நாள்ல வண்டியைத் தள்ளத்தான் வேணும்.

கண்டி பழைய ரேடியோ:

அண்ணன் சொன்னதுதான் சரி. நான் ஆம்ப் பக்கத்தைச் சொல்றேன். தலவாக்கலை தம்பி, உங்க கையில இருக்கிற ஆம்ப் கிளாஸ் ஏபியா கிளாஸ் டியான்னு முதல்ல பாருங்க. ஏபின்னா எடுக்கிற கரண்ட்ல பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் சவுண்டா வரும், மிச்சம் சூடாப் போயிடும். டின்னா நூத்துக்கு எண்பது சவுண்டா வரும், பெட்டியும் சின்னது, புத்தகம் அளவுதான். டைனமோ வண்டிக்கு கிளாஸ் டி தவிர வேற எதுவும் நான் சொல்லமாட்டேன். ஒரு செனலுக்கு 40, 45 வொட் ஆர்எம்எஸ் (விடாம தரக்கூடிய வொட்) இருந்தா மைனர் மாதிரி சின்ன கேபினுக்கு தாராளம். பெட்டியில 1000 வொட்டுன்னு பெருசா போட்டிருக்கிறதை நம்பாதீங்க, பக்கத்துல இருக்கிற ஃபியூஸ் எத்தனை ஆம்ப்புன்னு பாருங்க, 20 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிற ஆம்ப் எந்தக் காலத்துலயும் 1000 வொட் தராது.

பாட்டு எப்பவும் முழு வேகத்துல அடிக்கிறதில்ல, சராசரியா எடுக்கிறது உச்சத்துல மூனுல ஒரு பங்குக்கும் குறைவுதான். அதனால சின்ன கிளாஸ் டி ஒன்னு நிதானமா கேக்கும்போது நாலஞ்சு ஆம்ப்ல நிக்கும். ஆம்ப்ல அடி பேஸை வெட்டுற ஹை பாஸ் ஃபில்டர் இருந்தா 80, 100 ஹெர்ட்ஸ்ல வச்சிடுங்க. கரண்டை அதிகமா குடிக்கிறது அடி பேஸ்தான், சின்ன ஸ்பீக்கர் அதை வாசிக்கவும் மாட்டாது, வீணா கோன் ஆடும். ஆம்ப்ல இருக்கிற கெய்ன் திருகியை வொலியும்னு நினைச்சு முழுசா திருப்பாதீங்க, செட்டை முக்கால்வாசி வொலியும்ல வச்சுட்டு கெய்னை மெல்ல ஏத்துங்க, சவுண்ட் கிழியத் தொடங்கின இடத்துல இருந்து கொஞ்சம் பின்னுக்கு.

இடம் சொல்றேன். மைனர் 1000ல ஸ்பீடோமீட்டர் நடுவுல, ரெண்டு பக்கமும் குளோவ் பொக்ஸ். செட்டை ஒரு குளோவ் பொக்ஸுக்குள்ள வைங்க, டேஷை வெட்டவே தேவையில்ல. டேஷுக்குக் கீழ முழு நீளத்துக்கு பார்சல் ஷெல்ஃப் இருக்கே, அதுக்குள்ள மரப்பலகையில ரெண்டு சின்னப் பெட்டி செஞ்சு 4 இஞ்சி ஸ்பீக்கர் வைக்கலாம், கழட்டினா தடமே இருக்காது. பின்னால கண்ணாடிக்குக் கீழ இருக்கிற ஷெல்ஃப்ல பழைய அட்டையை கழட்டி பத்திரமா வச்சுட்டு அதே வடிவத்துக்கு பிளைவுட் வெட்டி 6x9 இஞ்சி ஸ்பீக்கர் போடுங்க. ஆம்பை முன் சீட்டுக்கு அடியில ஒரு பலகையில முடுக்கி, பலகையை சீட்டோட பழைய போல்ட்டுலயே பிடிங்க. தரையில நேரா வைக்காதீங்க. மைனர் தரைக்கு மழைத்தண்ணி எப்படியாவது வரும், நம்ம ஊர் மழைக்கு சொல்லவே தேவையில்ல.

அந்தப் பழைய ரேடியோவைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி. அதைத் திருத்துறவங்க இன்னும் இருக்காங்க. வண்டியோட வந்தது வண்டியோடயே இருக்கட்டும்.

தலவாக்கலை மைனர்:

ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். டைனமோவைப் பார்த்தேன், சி39தான். என்கிட்ட இருக்கிற ஆம்ப் கிளாஸ் ஏபி, 30 ஆம்ப் ஃபியூஸ் ரெண்டு இருக்கு. அப்ப இதை வித்துட்டு சின்ன டி ஒன்னு வாங்குறேன். வயர் எந்த அளவுல எடுக்கணும்? பாட்டுக்குள்ள இஞ்சின் சத்தம் கீ கீன்னு வருமாமே, அதுக்கு என்ன செய்றது? டைனமோவுக்குப் பதிலா இப்ப வர்ற வண்டிகள்ல இருக்கிற ஆல்டர்நேட்டர் மாத்தினா நல்லதா?

பண்டாரவளை வயரிங்:

வயர் 8 கேஜ் போதும், பெட்டரி பொனட்டுக்குள்ள ஃபயர்வோல் பக்கமே இருக்கிறதால சீட்டுக்குக் கீழ வர தூரம் கம்மி. ஆனா செம்பு வயரா பார்த்து வாங்குங்க. கொழும்பு புறக்கோட்டையில ஆம்ப் வயர் கிட்னு பெட்டி பெட்டியா அள்ளி வச்சிருப்பாங்க, பாதிக்கு மேல அலுமினியத்துக்கு செம்பு பூசினது. நுனியை பிளேடால சுரண்டினா வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், செம்பை விட கரண்ட் குறைவாத்தான் தாங்கும், ஈரத்துல சீக்கிரம் பொடிஞ்சும் போகும். ஃபியூஸ் பெட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள வரணும், ஆம்ப் பக்கத்துல போட்டா வயரைக் காப்பாத்தாது. ஃபயர்வோல்ல ஏற்கனவே வயரிங் போற ரப்பர் ஓட்டை இருக்கு, அதுக்குள்ளாலயே இழுங்க. எர்த் வயர் குட்டையா, பெயின்ட் சுரண்டின வெறும் இரும்புல, பழைய சீட் போல்ட்டுலயே எடுக்கலாம், முடுக்கினதும் மேல வேஸ்லின் தடவிடுங்க, இல்லாட்டி இந்த ஈரத்துக்கு ஆறு மாசத்துல துரு. ஆம்புக்கு வர்ற கரண்டை பழைய ஃபியூஸ் பொக்ஸ்ல இருந்து மட்டும் எடுக்கவே வேணாம், அந்தத் துணி சுத்தின வயரை நம்பாதீங்க.

கீ கீ சத்தத்துக்கு, ஆர்சிஏ வயரை ஒரு பக்கமாவும் பவர் வயரை மறுபக்கமாவும் கொண்டு போங்க, அதுலயே பாதி போயிடும். மிச்சத்துக்கு 1 மைக்ரோஃபெரட் சப்ரெசர் கப்பாசிட்டர் (இரைச்சலை அடக்குறது) ரெண்டு, ஒன்னு டைனமோவோட பெரிய டெர்மினல் டியில, ஒன்னு கொயில்ல ஸ்விட்ச் வயர் வர்ற பக்கம். டைனமோ எஃப்லயும் கொயில்ல டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற பக்கத்துலயும் போடக்கூடாது, ரெகுலேட்டர் பொயின்ட்டும் கெடும் ஸ்பார்க்கும் கெடும். ப்ளக் வயர் வெறும் செம்பா இருந்தா ரெசிஸ்டன்ஸ் உள்ளதா மாத்துங்க, எஃப்எம்ல வர்ற டக் டக் அதாலதான்.

ஆல்டர்நேட்டர் நல்லதுதான், ஐட்ல்லயே சார்ஜ் வரும், ராத்திரி மிஸ்ட்ல ஓட்டுறவனுக்கு ஹெட்லைட்டு வெளிச்சமே வேற மாதிரி இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைகள்ல ஜப்பான் சின்னக் கார் ஆல்டர்நேட்டர் கிடைக்கும், 40 ஆம்ப் போதும், பிரெக்கட்டையும் பெல்ட் நேரையும் மட்டும் ஒழுங்கா பார்க்கணும். ஆனா அதைப் போட்டா சார்ஜ் வர்ற தடிச்ச பிரவுன் வயரையும் மாத்தணும், அது 20 ஆம்ப் சொச்சத்துக்குன்னு போட்டது. அதோட நெகட்டிவ் எர்த் செய்யாம ஆல்டர்நேட்டர் பக்கம் போகவே ஏலாது, டயோட் எல்லாம் ஒரு நொடியில போயிடும். என்னைக் கேட்டா முதல்ல எர்த்தை மாத்தி, டைனமோ பிரஷ்ஷையும் பெல்ட்டையும் பார்த்து, சின்ன ஆம்பைப் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. சிவப்பு லைட் தொந்தரவு குடுத்தா பிறகு ஆல்டர்நேட்டர். டைனமோவைக் கழட்டினாலும் வித்துடாதீங்க.

கண்டி பழைய ரேடியோ:

ஒன்னு விட்டுப்போச்சு. ஆம்பை ஒன் ஓஃப் பண்ற ரிமோட் வயரை, அந்த நீல வயர், செட்ல இருந்துதான் ஆம்புக்குக் குடுக்கணும், நேரா பெட்டரியில குடுத்தா வண்டி நிக்கும்போதும் ஆம்ப் ஒன்லயே இருந்து ராத்திரியோட பெட்டரி காலி. பின்லைட்டும் சைட் லைட்டும் எல்ஈடிக்கு மாத்தினா ரெண்டு ஆம்ப் கிட்ட மிச்சமாகும், உங்க பாட்டுக்கு அது பெரிய உதவி. ஆனா எர்த்தை மாத்தின பிறகு வாங்குங்க, எல்ஈடிக்கும் ப்ளஸ் மைனஸ் பக்கம் இருக்கு.

தலவாக்கலை மைனர்:

சரி அண்ணே. ஞாயித்துக்கிழமை பெட்டரியைத் திருப்புறேன், பாஸையும் பக்கத்துல வச்சுக்கிட்டு. டைனமோவைத் தொட்டு எடுக்கிற வேலைய நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டு சிவப்பு லைட் அணையுதான்னு வந்து எழுதுறேன்.