குளிர்ந்த காலையில் கிளம்ப மறுக்கும் பழைய கார்

கேள்வி:
என்னிடம் இருப்பது 1996-ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் காலைகளில் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. நண்பகலில் உடனே கிளம்பிவிடுகிறது. பேட்டரி மாற்றி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

பதில் 1:
முனகல் என்று நீங்கள் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டார் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லை என்றால் எரிபொருளையோ தீப்பொறியையோ சந்தேகிக்கலாம். இங்கே மோட்டாருக்கு மின்சாரமே போதவில்லை. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும் அதே வேளையில், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி மோட்டாரிடம் கூடுதல் விசையைக் கேட்கிறது. இரவு முழுவதும் நின்ற காரின் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். முழு சார்ஜில் இருந்தும், சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது.

பதில் 2:
பேட்டரியைக் குறை சொல்லுமுன் எர்த் கேபிளை, அதாவது பேட்டரியின் எதிர்மின் முனையை எஞ்சினோடும் காரின் உடலோடும் இணைக்கும் கம்பியைப் பாருங்கள். என் காரில் வெளிப்பார்வைக்குப் பளபளத்த போல்ட்டைக் கழற்றியபோது, அதன் அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் எதிர்மின் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் (எஞ்சினின் உலோக உடல்) இடையே வோல்ட்டை அளவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில்தான் கோளாறு.

கேள்வி கேட்டவர்:
பேட்டரியில் 12.5 இருந்தது, சுழலும்போது 10.4, எர்த் பக்கம் மட்டும் 1.3 வோல்ட் காட்டியது. கேபிள் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். இன்று காலை 3 டிகிரியில் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.