ஓடேக்க ஒண்டுமில்லை, நிண்டால் கொதிக்குது: அளம்பிலில நிக்கிறம், வவுனியா திரும்போணும்

அளம்பில் மருமகள்:
வணக்கம். நானும் இவரும் வவுனியாவில இருந்து மாமி வீட்டுக்குக் காரில வந்தனாங்கள். 800 சிசி சின்னக் கார், பத்து வருசத்துக்கு மேல பழசு. ஏ9 றோட்டில மாங்குளம் மட்டும் எஞ்சின் சூடு காட்டுற ஊசி பாதிக்குக் கீழதான். அதில திரும்பி ஒட்டுசுட்டானில தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட நான் இறங்கினன். இவர் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளயே இருந்திட்டார். நான் வந்து பாக்க ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட. ஏசியால வந்தது சுடுகாத்து. வெளிக்கிட்டு ரெண்டு மூண்டு கிலோமீற்றர் ஓட ஊசி தானா இறங்கீட்டுது. தண்ணீரூற்றில மாமிக்கு வெத்திலை வாங்க நிக்க, திரும்ப ஏறிச்சு.

அளம்பிலுக்கு வந்து சேர போனற்றால ஆவி. ஆறினாப் பிறகு மாமி வாளியில கொண்டுவந்த கிணத்துத் தண்ணி ஒன்றரை லீற்றர் குடிச்சுது. கிணறு கடலுக்குக் கிட்ட, தண்ணி நல்ல உவர். இவற்ற தமையன் கரைவலைக்காரர், "தேமோஸ்ராற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடு" எண்டுறார். எஞ்சின் சூடானாப் பிறகு தண்ணியை ரேடியேற்றருக்குத் திறந்துவிடுற வால்வாம் அது. இவர் ஸ்பானரோட வெளிக்கிட்டிட்டார், நான் மறிச்சு வைச்சிருக்கிறன். ஞாயிறு திரும்போணும். என்ன பிழை?

மல்லாவிப் பெடியன்:
அக்கா, தமையன் சொல்லுறது சரி. எங்கட வெயிலுக்கு அந்தச் சாமான் தேவையே இல்லை. எங்கட வானில கழட்டி எத்தினையோ வருசம்.

பழைய ஸ்பானர்:
பெடியன், கொஞ்சம் பொறும். தங்கச்சி எழுதினதிலயே விடை கிடக்கு. தேமோஸ்ராற் மூடினபடி இறுகியிருந்தால் ஓடேக்கதான் கூடக் கொதிக்கும். இது ஓட இறங்குது, நிக்க ஏறுது. ஓடேக்க, எஞ்சின் தண்ணியை ஆத்துற ரேடியேற்றருக்கு எதிர்காத்து போதும். நிக்கேக்க காத்தை இழுக்கிறது ஃபான் ஒண்டுதான். ஏசியின்ர சூட்டை வெளிய விடுற கொண்டென்சரும் ரேடியேற்றருக்கு முன்னால, அதே காத்திலதான் ஆறுது. ஏசி சுடுகாத்து விட்டது ரெண்டாவது சாட்சி. உங்கட ஃபான் சுத்தேல்லை.

எஞ்சின் ஆறிப் பச்சைத்தண்ணியா இருக்கேக்க ஸ்ராட் பண்ணி ஏசியைப் போடுங்கோ. உடனயே ஃபான் சுத்தோணும். சுத்தாட்டி முதல் பியூஸைப் பாருங்கோ. பிறகு ஃபானுக்குக் கறண்டைத் திறந்துவிடுற றிலேயைக் கழட்டி, அதே நம்பர் இருக்கிற ஹோர்ன் றிலேயோட மாத்திப் போடுங்கோ. அதுக்கும் மசியாட்டி ஃபான் மோட்டரின்ர பிளக்கைக் கழட்டி, பற்றறியில இருந்து ரெண்டு வயர் நேர குடுங்கோ. சுத்தினால் மோட்டர் நல்லது, பிழை சுவிச்சில இல்லாட்டி வயரிங்கில. சுத்தாட்டி, கறண்ட் குடுத்தபடி மரக்காம்பால மோட்டரின்ர முதுகில மெல்லத் தட்டிப் பாருங்கோ. தட்டினாச் சுத்துது எண்டால், உள்ளுக்க மோட்டருக்குக் கறண்ட் கடத்துற காபன் துண்டு தேஞ்சுபோச்சு. கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ.

எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தையும் பாருங்கோ. பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால், எண்ணெயோட தண்ணி கலக்காமல் எஞ்சினுக்குள்ள அடைக்கிற ஹெட் கஸ்கற் போயிருக்கலாம், காரை அசைக்கப்படாது.

சுடுகாரில ரேடியேற்றர் மூடியைத் திறக்கிறேல்லை. அமுக்கத்தில உள்ள தண்ணி 100 பாகைக்கு மேலயும் கொதியாமல் நிக்கும், திறந்த உடன முகத்துக்கு வரும்.

அளம்பில் மருமகள்:
அண்ணை, பாத்தம். ஏசி போட்டும் ஃபான் அசையேல்லை. பியூஸ் நல்லது. றிலேயை மாத்திப் போட ஹோர்ன் அடிக்குது, ஃபான் சும்மா இருக்கு. பற்றறியில இருந்து நேர குடுத்தும் இல்லை. மாமியின்ர அகப்பைக்காம்பால இவர் தட்ட அரைச் சுத்துச் சுத்தி நிண்டுது. இன்னொருக்காத் தட்ட ஒரு நிமிசம் போல சுத்தி நிண்டிட்டுது. எண்ணெய் சுத்தம். முல்லைத்தீவு ரவுணில கேட்டம், இந்தக் காருக்கு மோட்டர் இல்லையாம்.

பழைய ஸ்பானர்:
காபன்தான். தட்டித் தட்டி வவுனியா மட்டும் போகேலாது, ஆனால் ஃபான் இல்லாமலும் போகலாம். அந்த உவர்த்தண்ணியை முழுக்க இறக்குங்கோ. அலுமினியத்தை அரிச்சுப்போடும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து வன்னியில ஊருக்கு ஊர் வடிகட்டின குடிதண்ணி விக்கினம் எல்லோ, அதை விட்டுக்கொண்டு, மேலதிகமா அஞ்சு லீற்றரும் ஏத்துங்கோ. ரேடியேற்றருக்கு விடுற கூலன்ற் திரவத்தை வீட்ட போய் விடலாம்.

ஏசி வேண்டாம். ஐம்பது அறுபதில ஒரே சீரா ஓடுங்கோ. நிக்கிற இடத்தில எஞ்சினை நூருங்கோ. ஓடேக்க ஊசி ஏறினால் ஹீற்றரை முழுச்சூட்டில திறந்துவிடுங்கோ. வேர்த்துக் கொட்டும், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேற்றர்தான்.

பெடியனுக்கு: தேமோஸ்ராற் இல்லாத எஞ்சின் சரியாச் சூடேறாமல் ஓடிப் பெற்றோலைக் குடிக்கும். சில எஞ்சினில தண்ணி ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால திரும்பி, இன்னும் கொதிக்கும்.

நெடுங்கேணியான்:
முள்ளியவளையால நெடுங்கேணி, புளியங்குளம் எண்டு போங்கோ தங்கச்சி. கிட்ட.

பழைய ஸ்பானர்:
கிட்டதான், ஆனால் இந்தக் காரோட வேண்டாம். ஒட்டுசுட்டான் பாதையில தண்ணிக்கும் உதவிக்கும் கடை இருக்கு. இருட்டோட வெளிக்கிடாதேங்கோ, காட்டுப்பக்கம் யானை நிக்கும். வழியில பாலைப்பழம் கண்டால் எஞ்சினை நூத்துப்போட்டு வாங்குங்கோ.

அளம்பில் மருமகள்:
வந்து சேந்திட்டம். நல்லா விடிஞ்சாப் பிறகு, ஆறரைக்கு வெளிக்கிட்டனாங்கள். மாமி கட்டித்தந்த கருவாடு பின் சீற்றில, ஏசி இல்லை, கண்ணாடி முழுக்கத் திறந்தபடி சோளகக் காத்து. ஒட்டுசுட்டான் தாண்டி ஒரு மாட்டுப்பட்டி றோட்டை மறிச்சுது. இவர் ஹோர்ன் அடிக்க, நான் சாவியைத் திருப்பி நூத்துப்போட்டன். இருபது நிமிசம் இருந்தம். திரும்ப ஸ்ராட் பண்ண ஊசி கொஞ்சம் மேல. ஹீற்றரைத் திறந்தம், இறங்கீட்டுது. ஹீற்றர் திறந்திருந்த பத்து நிமிசமும் இவர் ஒரு கதையுமில்லை.

வவுனியாவில கராஜ்காரர் பழைய ஃபான் மோட்டரைப் பிரிச்சுக் காட்டினவர், காபன் அடிமட்டம் தேஞ்சு கிடந்தது. பாவிச்ச மோட்டர் ஒண்டு போட்டு, ரெண்டு தரம் கழுவி, கூலன்ற் விட்டாச்சு. இவற்ற மனம் ஆற, தேமோஸ்ராற்றையும் கழட்டிக் கொதிதண்ணிக்குள்ள போட்டுப் பாத்தது. ஒழுங்காத் திறந்துது, திரும்பப் பூட்டியாச்சு.

பின்னேரம் தமையன் போனில "கழட்டினியோ?" எண்டு கேட்டவர். இவர் "ஓம் அண்ணை, கழட்டினனான்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்.